ரகீம் பாயின் ஹெட்போன்

ரகீம் பாயின் ஹெட்போனை நான் ஏமாற்றி எடுத்துக்கொண்டேன். அது சின்னக் குற்றம். அவருடைய காது போய்க்கொண்டிருந்தது எனக்குத் தெரியும்; தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. அதுதான் பெரியது.

அந்த எண்ணம் தோன்றிய கணம் அப்படியே நினைவிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. என் அறையில், நானே பாகங்களைக் கோத்துச் செய்த ஆம்ப்ளிபயரில் ஓர் இசைத்தட்டு ஓடிக்கொண்டிருந்தது. எதிரே ரகீம் பாய். திருப்பூரில் நாங்கள் வேலை பார்த்த பனியன் கம்பெனியில் அவர் பதின்மூன்று வயதிலிருந்து துணி பின்னும் நிட்டிங் மிஷின் ஓட்டுகிறவர். நான் பாலிடெக்னிக் முடித்துவிட்டு வந்த, மிஷின் பழுதுபார்க்கிற ஃபிட்டர்.

சிங்கப்பூரிலிருந்து அவருடைய மச்சான் கொண்டுவந்த ஹெட்போன் அது. என்னுடையது கோயமுத்தூர் பழைய சாமான் கடையில் பொறுக்கியது. இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிடலாம் என்று நான்தான் அவரை அழைத்திருந்தேன்.

கனத்த அடிச்சத்தம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசமெல்லாம் உச்சியில், மெல்லிய கூர்மையான ஒலிகளில்! என்னுடையதில் பாடகி, பனியன் துணியை நாலாக மடித்து வாயில் பொத்திக்கொண்டு பாடினாள். அவருடையதை மாட்டினேன்... வயலின் வில் கம்பியில் உரசும் பிசிறு கேட்டது. அடுத்த வரிக்கு முன் அவள் மூச்சிழுப்பது கேட்டது. ஜால்ரா தட்டி ஓய்ந்த பிறகும் அதன் கார்வை கரைந்து கரைந்து போவதுவரை கேட்டது. நீங்கள் அப்படி ஒரு பாட்டைக் கேட்டதுண்டா? கேட்டிருந்தால் என்னைக் கொஞ்சமாவது புரிந்துகொள்வீர்கள்... இல்லை, வேண்டாம். புரிந்துகொள்ள வேண்டாம்.

பாய் இரண்டையும் மாட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ரெண்டும் ஒண்ணாட்டத்தான் இருக்குது தம்பி. சிங்கப்பூர்னு சொல்லி மச்சான் என்ற தலைல கட்டிட்டான்."

"ஜால்ரா கேக்குதுங்களா பாய்?"

"இதுல ஜால்ரா எங்க இருக்குது?"

அந்தக் கணம்தான். மிஷின் சத்தம் இந்த மனிதரின் காதில் உச்சியை அரித்துத் தின்றுவிட்டது என்று ஓர் எண்ணம். மாற்றிக் கொடுத்தால் இவருக்குத் தெரியாது என்று இன்னோர் எண்ணம். எது முதலில் வந்தது? இரண்டாவதுதான் முதலில் வந்தது.

"உங்க ஊட்டு ரேடியோவுக்கு இதோட இம்பீடன்ஸ் ஒத்துவராதுங்க பாய். என்னோடதுதான் பொருந்தும். வேணும்னா மாத்திக்கலாமுங்க."

"படிச்ச புள்ள நீ. சொன்னா சரியாத்தான் இருக்கும்." எழுந்துபோய் எனக்கு டீயும் வாங்கிக் கொடுத்தார்.

காதில் பஞ்சு வையுங்கள், டாக்டரிடம் காட்டுங்கள், சத்தம் குறைந்த கட்டிங் பக்கம் மாற்றித் தரக் கேளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் காதைப் பற்றிப் பேசினால் ஹெட்போனைப் பற்றியும் பேச வேண்டும். ஆகவே நான் பேசவில்லை.

நிட்டிங் ஓட்டுகிறவர்கள் துணியைப் பார்த்துக்கொண்டே நிற்க முடியாது. காதால்தான் காவல். நூற்றுக்கணக்கான ஊசிகளில் ஒன்று ஒடிந்தால், மிஷின் ஒவ்வொரு சுற்றுக்கும் 'டிக்' என்று மெலிதாகச் சொல்லும். உடனே நிறுத்தி ஊசியை மாற்றிவிட வேண்டும். விட்டால், துணி நெடுக ஒரு கோடு ஓடும். ரோல் முழுக்க வீண்.

எட்டு மாதம் கழித்து ஒரு காலை. பக்கத்து மிஷினில் பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தேன். பாயின் மிஷினில் டிக்... டிக்... எனக்குத் தெளிவாகக் கேட்டது. அவர் பீடியைக் காதில் செருகிக்கொண்டு நூல் கோன் மாற்றிக்கொண்டிருந்தார்.

நான் கத்தவில்லை. அவருக்குக் கேட்கிறதா என்று பார்த்தேன்! ஹெட்போனைச் சோதித்ததுபோல மனிதரைச் சோதித்தேன். கேட்கவில்லை என்று தெரிந்த பிறகாவது ஓடியிருக்க வேண்டாமா? அவருக்குக் கேட்காதென்று உனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்பார்களோ என்று குனிந்து பெல்ட்டையே பார்த்தேன்.

முதலாளி வந்து துணியை இழுத்துப் பார்த்தார்.

"ஏனுங்க பாய், நின்னுக்கிட்டே தூங்கறீங்களா?"

"சத்தமே வரலீங்க."

"ஊருக்கே கேக்குது, உங்களுக்கு வரலையா? ஏப்பா ஃபிட்டரு, உனக்குக் கேட்டுச்சா?"

"இப்பத்தானுங்க வந்தேன்" என்றேன்.

அன்றே அவரை மிஷினிலிருந்து இறக்கினார்கள். இப்போது குடோனில் பண்டல் சுமக்கிறார். பையன்கள் பின்னால் நின்று "செவுட்டு பாய்" என்று கூப்பிட்டுப் பார்த்துச் சிரிக்கிறார்கள். என்னைக் காணும்போது மட்டும் அவர் நின்று, "பாட்டெல்லாம் கேக்கறியா தம்பி?" என்கிறார். தலையாட்டுகிறேன்.

கேட்கிறேன்தான். ஒவ்வொரு ஜால்ராவும் கேட்கிறது...

வரும் வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து அவர் வீடு திரும்பியதும் போகப்போகிறேன். ஹெட்போனைக் கொடுப்பது எளிது. வாசல் பெஞ்சின் மேல் வைத்துவிட்டு வந்துவிடலாம். சொல்வதுதான்... எழுதிக் கொடுக்கலாமென்றால் அவருக்குப் படிக்கத் தெரியாது. காதோடு காதாகச் சொன்னால் எட்டாது. கத்தித்தான் சொல்ல வேண்டும். அவர் மனைவி கேட்க, பிள்ளைகள் கேட்க, அந்தச் சந்தே கேட்க.

முதல் தடவை அவருக்குப் புரியாது. கையைக் காதில் குவித்துக்கொண்டு, "என்ன தம்பி?" என்பார். இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும்.