அங்கி பெரிதாகிப்போன போதகர்

வெள்ளை அங்கியைத் தலைவழியாக மாட்டிக்கொண்டு போதகர் கண்ணாடி முன் நின்றார். கதவில் சாய்ந்து நின்ற அவருடைய மனைவிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"கொடியில காயப்போட்ட மாதிரி இருக்கு. காத்தடிச்சா பறந்துடுவீங்க."

"சிரிக்க வைக்காத. தையல் போட்ட இடம் இழுக்குது" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டார் போதகர்.

உடம்பில் பதினான்கு கிலோ காணாமல் போயிருந்தது. சாதாரண வயிற்றுவலி என்று மூன்று நாள் சமாளித்துப் பார்த்ததில் குடல்வால் உள்ளேயே வெடித்து, சீழ் பரவி, ஆஸ்பத்திரியில் முப்பத்தொரு நாள் கிடந்தார். பிழைப்பாரா என்று கேட்டவர்களுக்கு முதல் வாரம் டாக்டர்கள் நேராகப் பதில் சொல்லவில்லை. பிழைத்து, வீட்டுக்கு வந்து, ஏழு வாரம் படுத்து எழுந்துவிட்டார். வரும் ஞாயிற்றுக்கிழமை நன்றி ஆராதனை. மேடையேறிச் சாட்சி சொல்ல வேண்டும். அங்கியோ அவரையும் இன்னொருவரையும் சேர்த்து உள்ளே வைத்துக்கொள்ளும் அளவுக்கு இருந்தது.

"தையல் கடையில குடுத்துச் சின்னது பண்ணிட்டு வாங்க" என்றார் மனைவி.

"நீயே கொண்டுபோய்க் குடுத்துடேன்."

"அளவெடுக்க உடம்பு வேணும்ல? அத நான் எப்படிப் பையில போட்டு எடுத்துட்டுப் போறது?"

மனைவி கணக்கு டீச்சர். அவரிடம் வாதாடி ஜெயித்ததாகச் சரித்திரம் இல்லை. அங்கியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போதகர் கிளம்பினார். ஆனால் வாசலிலேயே தயங்கினார். அந்தத் தையல்காரர் ஒரு வருடமாகச் சபைப் பக்கமே வரவில்லை. அதற்குக் காரணம் போதகர்தான்.

போதகராவதற்கு முன் அவர் ஒன்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர். பின்படிக்கட்டில் நின்று பேசினால் டிரைவர் காதுக்கு எட்டும் குரல். ஊழியத்துக்கு வந்தபோது அந்தக் குரலும் கூடவே வந்தது, நேரமாகிறதே என்கிற கண்டக்டரின் பதற்றம் மட்டும் வரவில்லை. சபைப் பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'முக்கால் மணி'. பிரசங்கம் முக்கால் மணி. வீடு சந்திப்பு முக்கால் மணி. நோயாளியின் கட்டிலருகே நின்றால், உலகம் உண்டானதில் தொடங்கி, வழியில் ஒரு ஸ்டாப்பைக்கூட விடாமல் நின்று நின்று வருவார். மேடையில் ஏறியதும் கண்ணாலேயே தலையெண்ணுவதும் பழைய தொழிலில் ஒட்டிக்கொண்ட பழக்கம்தான். வழக்கமாக நூற்றுப் பதினெட்டு. ஒரு வருடமாக நூற்றுப் பதினேழு. பின்னாலிருந்து மூன்றாவது வரிசையில் ஜன்னலோர நாற்காலி காலி.

போன வருடம் தையல்காரருக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது. மறுநாள் சாயங்காலம் போதகர் மாதர் சங்கத்தார் நாலு பேரோடு போய் நின்று ஜெபித்தார். பாதி ஜெபத்தில் தையல்காரர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். ஆமென் சொன்னதும், "போதும், போங்க பாஸ்டர்" என்றார். போதகருக்குச் சுருக்கென்றது. அந்த ஞாயிறு பிரசங்கத்தில், ஜெபத்துக்கே முதுகு காட்டும் கல்நெஞ்சு பற்றிப் பேசினார். பெயர் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை, நூற்றுப் பதினேழு பேருக்கும் யாரென்று தெரிந்தது.

தான் செய்தது என்னவென்று அவருக்கு விளங்கியது ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான். தீவிர சிகிச்சையிலிருந்து வார்டுக்கு மாற்றிய மறுநாள், பக்கத்துச் சபையிலிருந்து ஏழு பேர் வந்து கட்டிலைச் சுற்றி நின்றார்கள். பெரியவர் ஒருவர் கண்ணை மூடி ஆரம்பித்தார். அதே நேரம் போதகருக்கு அவசரமாகச் சிறுநீர் வந்தது. எழ முடியாது. பாட்டில் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. குனிந்து எடுக்க ஆள் வேண்டும். ஏழு பேரும் கண்ணை மூடியிருக்கிறார்கள், இடையில் பேசினால் மரியாதை இல்லை. பெரியவர் நோவாவின் பேழைக்கு வந்து சேர்ந்தபோது போதகருக்கு நெற்றி வியர்த்தது. அப்போதுதான் நர்ஸ் திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

"எல்லாரும் கொஞ்சம் வெளிய நில்லுங்க. அவர் முகத்தப் பாத்தா தெரியல?"

ஆஸ்பத்திரியில் நடந்த அற்புதங்களில் போதகர் முதலாவதாக எண்ணியது அதைத்தான். பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடியபோது, சுவர்ப்பக்கம் திரும்பிய தையல்காரரின் முதுகு நினைவுக்கு வந்தது. அந்த முதுகைத் தாண்டி மேடையேறி 'நன்றி ஆண்டவரே' என்று சொன்னால், சொல் தொண்டைக்கு மேல் வராது என்று அவருக்குத் தெரிந்தது.

இதெல்லாம் சபைச் செயலருக்குத் தெரியாது. வழியில் தன் இரும்புக்கடை வாசலிலேயே அவர் போதகரைப் பிடித்துக்கொண்டார்.

"சாட்சி ரெடியா பாஸ்டர்? ஜனங்க ரொம்ப எதிர்பாக்குறாங்க. வெளிச்சம் கிளிச்சம் ஏதாவது பாத்தீங்களாமே?"

"பாத்தேன். டியூப் லைட்டு. அதுலயும் ஒண்ணு மினுக்கிட்டே இருந்துச்சு."

"விளையாடாதீங்க. ஒரு சத்தமாவது கேட்டிருக்குமே?"

"பக்கத்துக் கட்டில்காரர் குறட்டை."

செயலர் முகம் தொங்கிப்போனது. போதகர் நடையைக் கட்டினார்.

தையல் கடை ஒற்றை அறை. இரண்டு மிஷின், வெட்டும் மேசை, ஆணியில் தொங்கும் பாதி தைத்த சட்டைகள். காலரில் காஜா எடுத்துக்கொண்டிருந்த தையல்காரர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். எழுந்திருக்கவில்லை.

"என்ன வேணும்?"

"அங்கி பெருசாயிடுச்சுண்ணே."

"அங்கி பெருசாகாது. நீங்க சிறுத்துட்டீங்க. நில்லுங்க."

டேப்பைக் கழுத்திலிருந்து உருவிக்கொண்டு வந்தார். தோள், கை, மார்பு. எண்ணைச் சொல்லச் சொல்ல அவரே சீட்டில் குறித்துக்கொண்டார். கைகளைத் தூக்கி நின்ற போதகருக்கு, வாழ்க்கையில் இவ்வளவு நேரம் பேசாமல் நின்றதாக நினைவில்லை. வயிற்றைச் சுற்றி டேப் இறுகியதும் முகம் சுளித்தார். தையல்காரர் உடனே கையைத் தளர்த்தினார்.

"எத்தனை தையல்?"

"இருபத்தி மூணு."

"எனக்கு ஒன்பது. காட்டுங்க பாப்போம்."

போதகர் சட்டையைத் தூக்கிக் காட்டினார். தையல்காரர் குனிந்து, கண்ணாடியைச் சரிசெய்து, தொழில்காரர் தொழில்காரரின் வேலையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "கெட்டியாத்தான் போட்டிருக்கான். கடைசில கொஞ்சம் கோணிடுச்சு."

இப்போது விட்டால் எப்போதும் முடியாது என்று பட்டது போதகருக்கு.

"அண்ணே, அன்னைக்கு ஆஸ்பத்திரில நான் எவ்வளவு நேரம் ஜெபம் பண்ணேன்?"

தையல்காரர் டேப்பைச் சுருட்டினார்.

"இருபத்தி ரெண்டு நிமிஷம். எதிர்ச் சுவத்துல கடிகாரம் இருந்துச்சு. எனக்குப் பாட்டில் வேணும். உங்க பின்னாடி நாலு பொம்பளைங்க. எப்படிக் கேக்கறது? பதினஞ்சாவது நிமிஷம் முடியல, பாஸ்டர். படுக்கையிலயே போயிடுச்சு. அதான் திரும்பிக்கிட்டேன்."

போதகர் ஸ்டூலில் இருந்த துணிக்கட்டை நகர்த்திவிட்டு உட்கார்ந்தார்.

"நான் அத வச்சுப் பிரசங்கம் வேற பண்ணேன்."

"எம் பொண்ணு கேட்டுட்டு அழுதுட்டே வந்தா."

"தப்பு என்னோடதுண்ணே. மன்னிச்சிடுங்க. மேடையில சொன்னத ஞாயித்துக்கிழமை மேடையிலயே வாபஸ் வாங்கிடுறேன்."

"ஐயோ, வேண்டாம். அதையும் முக்கால் மணி நேரம் சொல்வீங்க." சொன்னவரின் உதட்டோரம் லேசாக அசைந்தது. "எம் பேச்சே வரக்கூடாது. சனிக்கிழமை வந்து வாங்கிக்குங்க."

"நீங்க வருவீங்களா?"

"வேலை கிடக்கு" என்று மிஷினில் போய் உட்கார்ந்துவிட்டார்.

சனிக்கிழமை கடையில் தையல்காரர் இல்லை. மகள்தான் பொட்டலத்தைக் கொடுத்தாள். வீட்டில் இஸ்திரி போட அங்கியை உள்புறமாகத் திருப்பிய மனைவி போதகரைக் கூப்பிட்டார்.

"இங்க பாருங்க. துணிய வெட்டவே இல்ல. ரெண்டு பக்கமும் நாலு விரக்கடை உள்ள மடிச்சுத் தச்சிருக்காரு."

"எதுக்கு?"

"நீங்க மறுபடியும் குண்டாவீங்கன்னு நம்புறாரு போல. டாக்டரே அப்படிச் சொல்லல."

போதகர் அந்த மடிப்பை விரலால் தடவிப் பார்த்தார். மனைவி இஸ்திரியை எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மேடையேறியதும் கண் தானாக எண்ணியது. நூற்றுப் பதினேழு. ஜன்னலோரம் காலிதான். செயலர் முதல் வரிசையில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார்.

"நான் வெளிச்சம் பாக்கல" என்று தொடங்கினார் போதகர். செயலர் பேனாவை மூடினார். "பயந்துட்டேன். உங்களுக்கெல்லாம் தைரியம் சொன்னவன், பயத்துல நடுங்கிக் கிடந்தேன். மனப்பாடமா தெரிஞ்ச சங்கீதத்துல முதல் வரி வரும், ரெண்டாவது வராது. மூச்சு விடும்போது 'அப்பா'ன்னு ஒரு வார்த்தை மட்டும் வந்துச்சு. நாலு நாள் அதுதான் என் ஜெபம். அது அவருக்குப் போதுமா இருந்துச்சு. நான் இத்தனை வருஷமா மிச்ச வார்த்தையெல்லாம் யாருக்குச் சொன்னேன்னு தெரியல."

பின்னால் கதவு மெல்லத் திறந்தது. யாரோ நாற்காலியை இழுத்தார்கள். போதகர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"உங்கள்ல பல பேரோட கட்டில்கிட்ட நின்னு ஜெபிச்சிருக்கேன். எப்படா கிளம்புவான்னு நீங்க நினைச்சிருந்தா, நியாயந்தான். மன்னிச்சிடுங்க. உங்கள்ல யாரையும் கல்நெஞ்சுன்னு நான் சொல்லியிருந்தா, அது பொய். அந்தக் கல்லு எங்கிட்டதான் இருந்துச்சு. உயிரோட வீட்டுக்கு அனுப்பின கடவுளுக்கும், நேரத்துக்கு வந்த ஒரு நர்ஸம்மாவுக்கும் நன்றி. ஆமென்."

நான்கு நிமிடம். முடிந்துவிட்டது என்பது சபைக்கு உறைக்கவே சற்று நேரமானது. பிறகு பின்வரிசையில் ஒருவர் சிரித்தார், அது மெதுவாக முன்வரிசை வரைக்கும் பரவியது. அடுத்த பாட்டுக்கு ஆயத்தமில்லாத ஆர்மோனியக்காரர் புத்தகத்தைத் தேடி அல்லாடினார். அந்த இடைவெளியில் போதகர் தலைநிமிர்ந்து மறுபடி எண்ணினார். நூற்றுப் பதினெட்டு.

ஆராதனை முடிந்து வாசலில் எல்லோரும் கைகொடுத்துவிட்டுப் போனார்கள். தையல்காரர் கடைசியாக வந்தார். கைகொடுக்கவில்லை. ஓரடி தள்ளி நின்று அங்கியை மேலும் கீழும் பார்த்தார். இடது தோளைப் பிடித்து இழுத்துச் சமன் செய்தார்.

"வயித்துப் பக்கம் இறுக்குதா?"

"இல்லண்ணே. சரியா இருக்கு."

"இறுக்கும்போது வாங்க. பிரிச்சு விடுறேன்."