சரோஜாக்காவுக்குச் சாப்பிட்ட பிறகுதான் சுகர் இறங்கும்

சரோஜாக்கா போய்விட்டார்.

மத்தியானம் கொள்ளேகாலிலிருந்து அவர் மகன் போன் செய்தான். "சுகர்தானுங்க..." அவ்வளவுதான் சொன்னான். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

தொண்ணூறுகளின் கடைசி. மைசூர் குவெம்புநகரில் எங்கள் தெருவில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவர் அவர். என் மகளுக்கு எட்டு மாதம், எனக்கு இருபத்தைந்து வயது, பிரசவ லீவ் முடிந்திருந்தது.

ஆபீஸிலிருந்து தினமும் மூன்று தடவை அவருடைய பக்கத்து வீட்டுக்கு போன் போட்டு விசாரிப்பேன். அப்படி ஒரு பயந்தாங்கொள்ளி.

அக்காவுக்குப் பல வருஷமாகச் சுகர். மாத்திரை போட்டும், நேரத்துக்குச் சாப்பிட்டும், சாயங்கால டெஸ்ட்டில் எகிறியிருக்கும்.

"திருட்டுத்தனமா ஸ்வீட் சாப்பிடறீங்களாக்கா?"

"அட போங்க அம்மிணி. நேத்து ராத்திரி தின்னதே இன்னும் நெஞ்சுலயே நிக்குது. இதுல ஸ்வீட் வேறயா?"

அந்தப் பதிலைக் காதில் வாங்கியிருக்க வேண்டும். நான்தான் பி.எஸ்ஸி. படித்தவளாயிற்றே... "சோத்தை விடுங்க, ராகி முத்தெ, அதான் களி, சாப்பிடுங்க, கீரை நிறைய" என்று கிளாஸ் எடுத்தேன். மைசூரில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். அவரும் தினம் ஒரு முழு உருண்டையை விழுங்கினார்.

ஒரு நாள் அரைநாள் லீவில் வந்தேன். அக்கா வீட்டு வாசலிலேயே மகளின் அழுகை. அக்கா சுவரில் சாய்ந்திருக்கிறார், ஜாக்கெட் வேர்வையில் நனைந்திருக்கிறது. மகள் மடியிலிருந்து பாதி சரிந்து தொங்குகிறாள். என்னைப் பார்த்து, "பஸ் வந்துருச்சா?" என்கிறார்.

குழந்தையைப் பிடுங்கிக்கொண்டேன். "சாப்பிட்டீங்களா?" தட்டைக் காட்டினார். சுத்தமாகக் காலி.

சாப்பிட்டாயிற்று என்றால் சுகர் ஏறித்தான் இருக்கும் என்று நானே முடிவு கட்டினேன். பக்கத்து வீட்டு கன்னட அம்மா சர்க்கரைத் தண்ணீர் கொண்டுவந்தபோது கையைப் பிடித்துத் தடுத்தேன். இதை எழுதவே கூசுகிறது.

"சும்னிரம்மா, மொதலு குடீலி", சும்மா இரு, முதலில் குடிக்கட்டும் என்று என்னைத் தள்ளிவிட்டு அவர் புகட்டினார். கால் மணி நேரத்தில் அக்காவுக்கு நான் யாரென்று தெரிந்தது.

மறுநாள் டாக்டர் விசாரித்துவிட்டுச் சொன்னார். "ரொம்ப வருஷ சுகர். வயித்து நரம்பு தளர்ந்துடுச்சு. மாத்திரை நேரத்துக்கு வேலை செய்யுது, சாப்பாடு வயித்தை விட்டு நகரவே மாட்டேங்குது. அதான் மத்தியானம் சுகர் விழுது. சாப்பாடு மெதுவா இறங்கினதும் சாயங்காலம் ஏறுது. இந்த வயித்துக்குப் போய் இவ்வளவு ராகியும் கீரையும் யாரு சாப்பிடச் சொன்னது?"

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. "ஊர்ல எல்லாருந்தான் சொல்றாங்க சார்."

நான் மருந்துச் சீட்டை வாங்கி மடித்துக்கொண்டேன்.

மாத்திரையும் மாறியது, போடும் நேரமும் மாறியது. கொஞ்சம் கொஞ்சமாக ஐந்து வேளை, குழைந்த சாதம். "இது பாப்பா சோறாட்டமில்ல இருக்குது..." என்று முகத்தைச் சுளித்தார்.

வெளியே வந்து ஆட்டோவுக்கு நிற்கும்போது சொன்னார். "கொழந்தைய வேற எடத்துல விட்டுருங்க அம்மிணி. நான் உளுந்தா எந்திரிச்சுக்குவேன்."

என் வீட்டுக்காரரும் அதையேதான் சொன்னார். பத்து நாள் லீவ் போட்டு வேறு இடம் தேடினேன். பதினோராம் நாள் அக்காவிடமே கொண்டுபோய் விட்டேன். பயந்துகொண்டுதான். ஒரே கண்டிஷன்... மாத்திரை போட்டபின் இரண்டு மணி நேரம் குழந்தை தொட்டிலில்தான், மடியில் கூடாது.

அதை அவர் ஒரு நாளும் மீறவில்லை. முத்தெ விஷயத்தில் மட்டும் நூறு தடவை மீறினார். "துளியூண்டு அம்மிணி." சண்டை போட்டுப் போட்டு எனக்கே அலுத்துவிட்டது.

செய்தியை மகளிடம் சொன்னேன். "யாரும்மா அது?" என்கிறாள். மூன்று வயதுவரை அந்த வீட்டில் வளர்ந்தவள்... என்னத்தைச் சொல்ல.

நாளை முதல் பஸ்ஸில் அவளையும் கூட்டிக்கொண்டு வருகிறேன் அக்கா. நாங்கள் வரும்வரை எடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.