நரசிம்மலுவுக்கு வைத்த கண்

துடியலூரில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்த நரசிம்மலுவுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. அதை நினைத்து உட்கார்ந்திருக்க அவருக்கு நேரமும் கிடையாது. எரிந்துபோன மோட்டாரைத் தோட்டத்துக்காரர்கள் டெம்போவில் கொண்டுவந்து இறக்குவார்கள். கம்பியை விரலில் உருட்டியே எத்தனை கேஜ் கனம் என்று சொல்லிவிடுவார். ஓடும் மோட்டாரில் ஸ்க்ரூடிரைவர் நுனியை வைத்துக் கைப்பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டு, பேரிங் இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்பார். கரண்ட் போனால் பக்கத்துப் பட்டறை ரசாக் வேலையை நிறுத்திவிட்டு டீக்கடைக்குக் கிளம்புவார். இவர் கை நிற்காது. "ஏனுங்க ரசாக், இருட்டாயிருச்சுங்களா? எனக்கு யாருமே சொல்லலீங்களே" என்று வம்புக்கு இழுப்பார்.

மனுஷர் சாதுவெல்லாம் இல்லை. சாம்பாரில் உப்புக் கூடினால் தட்டைத் தள்ளிவிட்டுப் போவார். அரை மணியில் அவரே வந்து சோறு கேட்பார். சினிமாவுக்கு வாரம் தவறாது. மனைவி கோமளா காதோரம் கதை சொல்ல வேண்டும். "வசனம் எனக்கே கேக்குது. அந்தப் புள்ள என்ன கலர் சேலைன்னு மட்டும் சொல்லு" என்பார். கறுப்புக் கண்ணாடி போடச் சொன்னவர்களிடம், "எதை மறைக்கோணும்னு சொல்லுங்க, மறைச்சுக்கறேன்" என்பார். கோமளாவுக்கு அந்த மூடிய இமைகள்தான் அவர் முகம். இருபத்திரண்டு வருஷம் பார்த்த முகம்.

பிள்ளை இல்லாத வீடு என்று யாரும் சொல்ல முடியாதபடி தம்பி ராமுலுவின் குடும்பமும் கூடவே இருந்தது. தம்பியை ஐடிஐ படிக்கவைத்துப் பட்டறையில் சேர்த்துக்கொண்டது அண்ணன்தான். தம்பி மகள் ஷ்ரவ்யா ஏழு வயதிலிருந்து தினமும் காலையில் பெரியப்பாவுக்குப் பேப்பர் படித்துக் காட்டுவாள். அவர் செய்தியோடு சண்டை போடுவார், அவள் சிரிப்பாள். வீட்டுத் தெலுங்கில் அவரைப் 'பெத்தநாயனா' என்பாள்.

தொண்ணூற்றாறு ஐப்பசியில் ஒரு மத்தியானம், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பட்டறையிலேயே சாய்ந்தவர் எழவில்லை.

அவரைப் படம் எடுத்தது ஒரே ஒரு தடவைதான், பஸ் பாஸுக்கு மனு கொடுக்கும்போது. மிஞ்சிய ஒரு பிரதியைக் கோமளா ராமுலுவிடம் கொடுத்தாள். "உங்கண்ணன் எப்படி இருந்தாரோ அப்படியே பெருசு பண்ணிக் கொண்டா. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்" என்றாள்.

பதினாறாம் நாள் காரியத்தன்று காலையில் படம் வந்தது. சட்டமெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. உள்ளே நரசிம்மலு இரண்டு கண்ணையும் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

படம் எடுக்கும்போது யாராவது கண்ணை மூடிவிட்டால் ஸ்டுடியோக்காரர் வரைந்து திறந்துவிடுவது அந்தப் பக்கம் வழக்கம்தான். ஆனால் இது வேறு. அந்தக் கண்களைக் கோமளாவுக்குத் தெரியும். இடது கண் லேசாகச் சுருங்கியிருந்தது.

"இது உன்ற கண்ணு" என்றாள்.

ராமுலு மறைக்கவில்லை. "மாதிரிக்கு ஒரு கண்ணு வேணும்னாருங்க வதினா. நான்தான் உக்காந்தேன்."

"பழைய படம் எங்கே?"

"அது மேலயேதான் வரைஞ்சுபோட்டாரு." பிறகு குரலைத் தாழ்த்தினான். "மதுக்கரை சம்பந்தி ஊட்டுக்காரங்க வாராங்க. பொறவியிலேயே பார்வை இல்லாதவருன்னு தெரிஞ்சா, பரம்பரையில வரும்னு பேசுவாங்க. தை மாசம் நிச்சயம் வெச்சிருக்குது. ஷ்ரவ்யாவை நெனச்சுப் பாருங்க."

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. ஆவணியில் மதுக்கரைக்காரர்கள் பெண் பார்க்க வந்த அன்று, வால்பாறையில் தேயிலை பேக்டரி மோட்டார் நின்றுபோனதாகச் சொல்லி ராமுலு அண்ணனைப் பஸ் ஏற்றிவிட்டிருந்தான். மறுநாள் வாந்தியும் தலைசுற்றலுமாக வந்து இறங்கியவர், "நான் போறதுக்குள்ள யாரோ சரி பண்ணிப்போட்டாங்களாம். ஆனா பாத்தியா, நம்ம பேரு மலை மேல வரைக்கும் போயிருக்குது" என்று நாலு நாள் பெருமையடித்தார். எந்த மோட்டாரும் நிற்கவில்லை. அந்த மனுஷரை ஏமாற்ற இவனுக்கு எப்படி மனசு வந்தது? ஆனாலும் ஷ்ரவ்யாவுக்காக வாயைத் திறக்கக் கூடாது என்று கோமளா முடிவெடுத்தாள்.

பதினோரு மணிக்கு மாப்பிள்ளையின் அம்மா பங்காரம்மா வந்தார். படத்துக்கு மாலை போட்டுவிட்டு உட்கார்ந்தார்.

"நேர்ல பாக்கக் குடுத்து வைக்கலீங்க. கண்ணுலயே ஒரு தெளிவு இருக்குது. நல்லாப் படிச்சவருங்களா?"

ஷ்ரவ்யா முந்திக்கொண்டாள். "பெத்தநாயனா காலையில பேப்பர் படிக்காம டீயே குடிக்க மாட்டாருங்க."

கோமளாவுக்குத் தாங்கவில்லை. ராமுலு சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பாள்.

"அது ராமுலு கண்ணுங்க அம்மணி" என்றாள். "எங்க ஊட்டுக்காரருக்குப் பொறந்ததுல இருந்தே பார்வை இல்லீங்க. பேப்பர் படிச்சது இந்தப் புள்ளதானுங்க. அவரு கேட்டாரு. பார்வை இல்லாமத்தான் இந்தக் குடும்பத்தையே நிறுத்துனாரு."

ஷ்ரவ்யா வந்து அவள் தோளை அணைத்துக்கொண்டாள். "பெத்தம்மா பதினாறு நாளா தூங்கவே இல்லீங்க. என்ன பேசறோம்னு அவங்களுக்கே தெரியலீங்க."

"ஐயோ பாவம்" என்று பங்காரம்மா கோமளாவின் கையைத் தடவிக் கொடுத்தார்.

கோமளா கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். துடியலூர்க்காரர்கள் நாற்பது பேர் இருந்தார்கள். அவர் கை படாத மோட்டார் அவர்களில் ஒருவர் கிணற்றிலும் இல்லை. ஒருவர் துண்டை உதறினார், ஒருவர் செருப்பைத் தேடினார். ஒரு பெண்ணின் கல்யாணத்தைக் கெடுத்த பேர் யாருக்கும் வேண்டாம். கடைசியில் அவள் ரசாக்கைப் பார்த்தாள்.

"ரசாக்கண்ணா, நீங்களாவது சொல்லுங்க."

ரசாக் ஷ்ரவ்யாவைப் பார்த்தார். பங்காரம்மாவைப் பார்த்தார். பிறகு சமையல்கட்டுப் பக்கம் திரும்பி, "கோமளாம்மாவுக்குக் கொஞ்சம் தண்ணி கொண்டாங்க" என்றார்.