உம்மாவுக்கு அனுதாபம் சொல்ல வந்தவர்கள்

நான்காம் வகுப்பில் படிக்கும்போது ஒருமுறை, உயிரோடு இருந்த என் உம்மாவை மவுத்தாக்கினேன். அதற்கு எனக்கு ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை.

கல்முனைக்குத் தெற்கே, கடலுக்குப் பக்கத்தில் எங்கள் பள்ளிக்கூடம். பாதிப் பிள்ளைகள் வெறும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வருவார்கள். மூன்றாம் பாடத்துக்குள் தலை மேசையில் சாய்ந்துவிடும். புதிதாக வந்த அதிபர் டீச்சர் பெற்றோர் கூட்டத்துக்கு எல்லா வீட்டுக்கும் கடிதம் கொடுத்துவிட்டார். வந்தது நான்கே பேர். மறுநாள், வராதவர்களின் பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தன் அறைக்குக் கூப்பிட்டு விசாரித்தார்.

உம்மா கருவாட்டு வாடியில் மீன் வெட்டுகிறவர். எழுத, வாசிக்கத் தெரியாது. எல்லார் முன்னாலும் கையெழுத்துக்குப் பதிலாகப் பெருவிரலை மையில் அழுத்துவாரே என்ற வெட்கத்தில், கடிதத்தை நான் கிழித்துக் கடலில் போட்டிருந்தேன்.

"உம்மா ஏன் வரல்ல?"

"உம்மா மவுத்து, டீச்சர்."

"யா அல்லாஹ்! எப்ப?"

"போன நோம்புக்கு."

அதிபர் என் தலையைத் தடவினார். பயத்தில் எனக்கு அழுகை வந்தது. அந்த அழுகை என் பொய்க்கு நல்ல சாட்சியாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தேன். படலையைத் திறந்துகொண்டு அதிபரும், தம்பிலுவிலில் இருந்து வரும் எங்கள் வகுப்பு டீச்சரும் வந்தார்கள். இருவரும் ஊருக்குப் புதியவர்கள். கையில் சீனியும் அரிசியும் பிஸ்கட்டும் நிறைந்த பை. வாசலில் உம்மா மீன் அரிந்துகொண்டிருந்தார். என் கையிலிருந்த வாளி நழுவிக் கிணற்றுக்குள் விழுந்தது.

"புள்ளைட உம்மா மவுத்தான கதையக் கேட்டு மனசு சரியில்ல. அதான் வந்தம்," என்றார் அதிபர். "நீங்க சாச்சியா, உம்மாட தங்கச்சியா?"

உம்மா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நான் கிணற்றைப் பார்த்தேன். இனி அடி விழும், பள்ளிக்கூடம் முடிந்தது என்று எண்ணினேன்.

"ஓம். நான் சாச்சிதான். உள்ளுக்கு வாங்க."

வாளி விழுந்தபோதுகூட நான் அப்படி அதிரவில்லை. தன் மவுத்துக்கு வந்தவர்களுக்கு, அவர்கள் கொண்டுவந்த சீனியைப் போட்டே உம்மா தேத்தண்ணி கொடுத்தார். அடுத்த கூட்டத்துக்கு உம்மாவின் இடத்தில் சாச்சி வர வேண்டும் என்று அதிபர் கேட்டதற்கும் தலையாட்டினார். அவர்கள் போன பிறகு என்னை அடிக்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"எப்ப மவுத்தானேன் எண்டு சொன்னாய்?"

"நோம்புக்கு."

"சரி," என்று மிச்ச மீனை அரியப் போனார்.

அந்தக் கூட்டத்துக்கு முப்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். அதிபர் வீடு வீடாக ஏறி இறங்கியதன் பலன். உம்மா பெருவிரலை அழுத்தியபோது கண்ணை மூடிக்கொண்டேன். யாரும் சிரிக்கவில்லை. வரிசையில் பின்னால் நின்றவர்களில் பாதிப்பேர் தங்கள் பெருவிரலோடுதான் நின்றார்கள். பிள்ளைகள் பசியோடு வருவதைப் பற்றி அதிபர் கதைத்தபோது உம்மா எழும்பினார்.

"எழுதத் தெரியா, டீச்சர். ஆக்கத் தெரியும். ஆளுக்கொரு சுண்டு அரிசி தந்தா காலைல கஞ்சி காய்ச்சலாம்."

மறுகிழமையே பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் அடுப்பு எரிந்தது. ஒரு நாள் கஞ்சிப் பானை சரிந்து உம்மாவின் கையில் கொட்டியது. "உம்மா!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். அதிபர் பக்கத்தில்தான் நின்றார். என் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அதிபர் உம்மாவின் கையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே சொன்னார்: "உங்க ரெண்டு பேருக்கும் ஒரே முகம். வீட்டுக்கு வந்த முதல் நாளே தெரியும். சாச்சி எண்டு கூப்பிடத்தான் எனக்கு வாய் வரல்ல."

உம்மா தலையைக் குனிந்துகொண்டார். அதற்குப் பிறகும் எனக்குத் தண்டனை எதுவும் கிடைக்கவில்லை. இவ்வளவு நாளும் ஏமாற்றப்பட்டவள் நான்தான் என்ற அதிர்ச்சி மட்டும் கிடைத்தது.

வீட்டுக்குப் போகும் வழியில் உம்மா மெதுவாகச் சொன்னார்: "இனிமே மவுத்து எண்டு சொல்லாத, மகள். வெளிநாட்டுக்குப் போயிட்டா எண்டு சொல்லு. திரும்பி வரலாமே."

நல்ல யோசனையாகத்தான் பட்டது. அடுத்த முறை அப்படியே சொல்லலாம் என்று மனதில் குறித்தும் வைத்தேன். அடுத்த முறையும் நான் வெட்கப்படுவேன் என்று உம்மா இப்போதே ஒப்புக்கொண்டுவிட்டார் என்பது, அவருடைய கையைப் பிடித்துத் துள்ளிக்கொண்டு போன எனக்கு விளங்கவில்லை.