மார்பில் கழுதைப்புலி

சிவன்மலை முருகன் கோயிலுக்குப் போகிற பெண்கள் மகளுக்கு மாப்பிள்ளை கேட்பார்கள், மகனுக்கு வேலை கேட்பார்கள். சாரதாமணி கேட்டது ஒன்றைத்தான். "முருகா, என் தாலிய அறுத்தவன ஒரு நாள் என் கைக்கு எட்டுற தூரத்துல கொண்டாந்து நிறுத்து."

அவள் கணவன் ராஜவேல் பருத்தி மில்லில் ஃபிட்டர். கூடுதல் சம்பளம் என்று ஆப்பிரிக்காவில் மாலி நாட்டு மில்லுக்குப் போனான். அங்கே முதலில் ஒரு வெள்ளைக்கார நாட்டின் படை காவல் காத்தது. ஆட்சியைப் பிடித்த உள்நாட்டு ராணுவம் அதை அனுப்பிவிட்டு, வேறொரு வல்லரசின் கூலிப்படையைக் கூட்டிவந்தது. கொடிதான் மாறியது, துப்பாக்கி மாறவில்லை. ஒரு சந்தை நாளில் அந்தக் கூலிப்படை ஊரைச் சுற்றி வளைத்துச் சுட்டது. தக்காளி வாங்கப் போன ராஜவேல் அங்கேயே விழுந்தான். செத்தவர்கள் எல்லோரும் தீவிரவாதிகள் என்று அறிவித்துவிட்டார்கள்.

கூட வேலை பார்த்த கொமரலிங்கம் ஊர்க்காரன் டேனியல், பருத்தி மூட்டைகளுக்கு நடுவே படுத்து உயிர் பிழைத்தான். ஊர் திரும்பியதும் சாரதாமணியிடம் வந்து அழுதான். சுட்டவர்களின் கறுப்புப் பனியனில், வாளைக் கவ்விய கழுதைப்புலி இருந்தது என்றான்.

அந்தக் கழுதைப்புலி இப்போது அவள் ஊரான மண்ணரைக்கே வந்திருந்தது.

சாரதாமணி வேலை செய்யும் பிரிண்டிங் பட்டறைக்கு எந்த ஏஜெண்ட் மூலமாகவோ வந்த ஆர்டர் அது. கறுப்புப் பனியன், மார்பில் மஞ்சள் கழுதைப்புலி, பல்லிடுக்கில் வாள். அச்சடித்த துணியைச் சூட்டு மெஷினின் பெல்ட்டில் போடுவது அவள் வேலை. உள்ளே வெந்து வந்தால்தான் படம் துணியில் பிடிக்கும்.

முதல் பனியனைக் கையில் எடுத்ததும் டேனியல் சொன்ன படம் இதுதான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. யாரும் பார்க்காதபோது மெஷினின் சூட்டைக் குறைத்து வைத்தாள். வெளியே வந்த கழுதைப்புலியைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள். முகம் உரிந்து வந்தது. எத்தனையோ நாளாகச் சிரிக்காத உதடு கோணிக்கொண்டு சிரித்தது. முதல் துவைப்பில் உங்கள் மானம் சாக்கடையில் போகட்டும் என்று மனசுக்குள் சபித்தாள். மதியம் வரை பெட்டி பெட்டியாக அப்படியே கட்டி வைத்தாள்.

சாப்பாட்டு நேரத்தில் டேனியலைப் போனில் அழைத்துச் சொன்னாள். சொல்லும்போது குரல் துள்ளியது.

"பெட்டியெல்லாம் லாரி ஏறிருச்சுங்களாக்கா?" என்று பதறினான் டேனியல்.

"ஏனுங்க டேனியல், உங்களுக்குச் சந்தோசமில்லீங்களா?"

"அக்கா, அவனுக மூஞ்சிய துணியில மூடியிருந்தானுங்க. மூஞ்சிய ஒருத்தரும் பாக்கலீங்க. இன்னாருதான்னு என்னால சொல்ல முடிஞ்சது அந்தப் படத்தாலதானுங்க."

"அதுக்கு?"

"பக்கத்தூர்லயும் சுட்டானுக. அங்க வந்தவனுக படமில்லாத பனியனோட வந்தானுக. அந்தூருப் பொம்பளைங்க இன்னைக்கும் யாரச் சொல்றதுன்னு தெரியாம நிக்கறாங்க. நீங்க அழிச்சு விட்டீங்கன்னா, அவனுகளுக்கு அது நல்லதாப் போயிருமுங்கக்கா."

ராஜவேலைக் கொன்றவர்களுக்குத் தன் கையாலேயே முகமூடி தைத்துக் கொடுக்கப் பார்த்தோமா என்று நெஞ்சு எரிந்தது. தூக்குவாளியை மூடிவிட்டு எழுந்தாள். சூட்டைப் பழையபடி ஏற்றினாள். கட்டிவைத்த பெட்டிகளைப் பிரித்து, ஒவ்வொரு பனியனையும் மறுபடி பெல்ட்டில் போட்டாள். தேய்த்துக் கெடுத்ததைப் புதிதாக அச்சடிக்கச் சொல்லி அனுப்பினாள்.

சூப்பர்வைசர் பரணி ஓடிவந்தான். "ஏனுங்கக்கா, வெந்ததையே வேக வைக்கறீங்க? கரண்ட் பில்லப் பாத்தா மொதலாளிக்கு நெஞ்சு வலி வந்துருமுங்க."

"காலைல சூடு பத்தலீங்க தம்பி. தப்பு என்னுதுதான்."

"அதுக்காக ரெண்டு வாட்டியா? கழுதப்புலி என்ன, குழம்புக்குப் போட்ட கறியா?"

"ஆமாங்க. நல்லா வேகோணும்."

பரணி தலையில் அடித்துக்கொண்டு போனான்.

அவள் குனிந்து ஒவ்வொரு பனியனையும் நீவிவிட்டாள். வெளியே வந்ததைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள். இழுத்தாள். நகத்தால் கீறினாள். மஞ்சள் அசையவில்லை.

"அவன் நெஞ்சு மேலயே கெடந்துக்கடா," என்றாள் தணிந்த குரலில். "துணி கிழிஞ்சாலும் நீ போகக் கூடாது. எந்த ஊருச் சந்தையில நின்னாலும், எவளாச்சும் ஒருத்தி உன்னப் பாத்து அடையாளம் வெச்சுக்கோணும்."

பிறகு அடுத்த பனியனை எடுத்தாள்.