காற்றுக்கு வெட்டிய வாசல்

அன்றைய ஆடிக் காற்று அண்ணனைக் கொன்றே போட்டிருக்கும்.

அறுபதுகளின் நடுவில், பட்டாளத்திலிருந்து விடுப்பில் செஞ்சிக்கு வந்தவன், கழித்துப்போட்ட பழைய பாராசூட் குடை ஒன்றைச் சுமந்து வந்தான். அதுவரை குதிப்பது அவனுக்கு வேலை. விமானத்தில் கட்டிய வார் தானே குடையைப் பிடுங்கித் திறக்கும், உடம்பு உதறும், காற்று எங்கே அறைகிறதோ அங்கே விழவேண்டும். இப்போது அதுவே விளையாட்டாகிக்கொண்டிருந்தது. கல்லாய் விழுந்து, தானே கயிற்றை இழுத்து, தரையிலிட்ட வட்டத்துக்குள் கால் வைத்தவன் ஜெயித்தான். அதற்குக் குடையைத் திருப்பவேண்டும். முதுகுப்பக்கத் துணியில் ஓட்டை வெட்டினால், அதன் வழியே காற்று பீறிட்டுக் குடை முன்னால் பாயும். விடுப்பு முடிந்ததும் அந்த விளையாட்டு அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். அண்ணனுக்கு வேறு நினைப்பே இல்லை.

ஓட்டையை அவனே வெட்டினான். நூல் பிரியாமலிருக்க ஓரம் மடித்துத் தைக்கச் சொல்லி, கடைத்தெருத் தையல்கார பாயிடம் கொடுத்தான். தைத்து வந்த மூட்டையைப் பிரிக்காமலே வறண்ட ஏரிக்குத் தூக்கிப்போனான். செஞ்சியில் விமானம் ஏது? தரையில் நின்றே காற்றில் விரித்துப் பார்க்கிற எண்ணம். நானும் பாயும் கூடப் போனோம்.

வாரை மாட்டிக்கொண்டான். நாங்கள் விளிம்பைத் தூக்கிப் பிடித்தோம். வெடித்தது போல் குடை உப்ப, அண்ணன் முகங்குப்புற விழுந்தான். திருப்பும் கயிற்றை இழுத்தான், இழுத்தான். திரும்பவில்லை. ஓட்டை இருந்த இடத்தில் புதுத் துணி, இரட்டைத் தையல். காற்று அவனை முள்ளில் தேய்த்து, பாறையில் மோதி, மறுபடியும் தேய்த்தது. எலும்பு முறிந்தது எனக்குக் கேட்டது. பாய் ஓடிப்போய்க் குடைமேல் விழுந்தார், நானும் விழுந்தேன். எங்களுக்கடியில் அது அறுபட்ட ஆடுபோல் துடித்து அடங்கியது.

"இன்னா பாய் பண்ணி வச்ச? ஓரந்தான தைக்கச் சொன்னேன்!" அண்ணன் வாயில் மண்ணும் ரத்தமும்.

"கிழிஞ்சத கிழிசலோடவே திருப்பிக் குடுத்தா என்னைக் காறித் துப்பமாட்டாங்களா தம்பி? மேலருந்து குதிக்கிற புள்ள நீ. ஓட்டையோட எப்டி அனுப்புவேன்?"

"அந்த ஓட்டைதான்யா என்னைத் திருப்பும்!"

நல்ல கையால் பாயை அறைந்தான். பாய் நகரவில்லை.

"அடி. அடிச்சிட்டு ஆஸ்பத்திரிக்குக் கெளம்பு. தோளு தொங்குது பாரு."

இன்னொரு அறை விழுந்தது. அதற்குள் பாய் தன் துண்டை அவிழ்த்து அண்ணனின் முறிந்த கையைத் தூக்கிக் கட்டத் தொடங்கியிருந்தார்.

ஆள் எடுப்பில் அண்ணனைத் தள்ளிவிட்டார்கள். கோணலாய்க் கூடிய எலும்போடு கை தலைக்கு மேல் எழவில்லை. அடுத்தவர்கள் குதிக்கும் குடைகளை மடிக்கிற கொட்டகைக்கு அனுப்பினார்கள்.

இப்போது அந்த விளையாட்டில் உருண்டைக் குடையே போய்விட்டது. இறக்கை போல் நீண்ட செவ்வகத் துணி, முன்வாயால் காற்றை விழுங்கிப் பறந்து, நினைத்த இடத்தில் பூப்போல இறங்குகிறதாம். பத்திரிகையில் வந்த படத்தை அண்ணனிடம் காட்டினேன். துணியின் முன்வாயை விரலால் தடவினான். பிறகு, கோணல் கைக்கு வலுவில்லாமல் பல்லால் ஒரு முனையைக் கடித்துப் பிடித்து, சுக்குச்சுக்காகக் கிழித்தான்.