சந்தனம் வைத்த ஹார்ட் டிஸ்க்

சென்னீர்குப்பத்தில் நானும் மனைவியும் கல்யாண வீடியோ எடிட் செய்து கொடுக்கிறோம். எடுத்த படமெல்லாம் மேஜைக்கடியில் ஓடும் சர்வரில் இருக்கும். அதற்கு ஹார்ட் டிஸ்க் வாங்க ஒரு மாதம் ஆராய்ச்சி செய்தேன். எத்தனை வருட வாரண்டி, இரவு பகலாக ஓடினால் எவ்வளவு சூடாகும், யாருக்கு எத்தனை மாதத்தில் போயிற்று என்று ஒன்று விடாமல் படித்தேன்.

"என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப பத்து நிமிஷத்துல சரின்னு சொன்னீங்க" என்றாள் மனைவி.

கடைசியில் ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே பெட்டியில் வந்த இரண்டை வாங்கினேன். இரண்டிலும் ஒரே நகல் பதிவாகும். ஒன்று போனால் மற்றது காப்பாற்றும். நல்ல ஜோடி அமைந்தது என்று எனக்கு ஏகப் பெருமை.

ஆயுத பூஜை வந்தது. கேமரா, லைட், ஸ்டாண்டு எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தோம். ராப்பகலாக உழைக்கிறதை விடலாமா என்று நானே சர்வரைத் திறந்து, இரண்டு டிஸ்கையும் வெளியே எடுத்துத் துடைத்தேன். மூடியில் சின்னதாக ஒரு துளை இருந்தது. பொட்டுக்கென்றே விட்ட இடம் மாதிரி இருக்கவே, சந்தனத்தைத் தாராளமாக அப்பி நடுவில் குங்குமம் இட்டேன்.

மூன்றே வாரத்தில் ஒரு டிஸ்க் செத்தது. மறுநாள் காலை மற்றதும் டக்டக்கென்று அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. பூந்தமல்லி பாய் ஒருவரின் மகள் நிக்காஹ் முழுக்க அதில்தான் இருந்தது. கேமரா கார்டுகளை அடுத்த கல்யாணத்துக்காக அழித்துவிட்டோம். பெண்ணோ மாப்பிள்ளையோடு துபாய் போய்விட்டாள். மறுபடி எடுக்கிற சமாச்சாரமா இது?

இரண்டு டிஸ்கையும் எடுத்துக்கொண்டு அம்பத்தூரில் வாங்கிய கடைக்கு ஓடினேன். கடைக்காரர் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இன்னா சார், மூச்சு உடுற ஓட்டைய அடச்சி வச்சிகிறீங்க! மூடாதேன்னு பக்கத்துலயே எழுதிக்கீது பாருங்க."

பார்த்தேன். ஒரு மாதம் படித்தவன் படிக்காமல் விட்ட ஒரே வரி அதுதான்.

"ரெண்டும் ஒரே பொட்டியில வந்தது வேற. ஒண்ணுக்கு வந்த சீக்கு இன்னொண்ணுக்கும் வரும். வேற வேற கம்பெனியா வாங்கணும் சார்."

பஞ்சால் சந்தனத்தைத் துடைத்தெடுத்துவிட்டு, இன்னும் உயிர் இருந்த டிஸ்கிலிருந்து புது டிஸ்கில் நகலெடுக்கத் தொடங்கினார். சாயங்காலம் வரை ஸ்டூலில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பந்தியில் சில நிமிடங்கள் தவிர எல்லாம் வந்தது. இன்னொரு கம்பெனி டிஸ்க் ஒன்றையும் வாங்கிக்கொண்டேன். நிம்மதியில் வழியெல்லாம் பாட்டுப் பாடிக்கொண்டு வண்டி ஓட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை பாய் வந்தார். மறைக்க மனசு வரவில்லை. நடந்ததைச் சொல்லி, பந்தியில் கொஞ்சம் போய்விட்டது என்றேன். திட்டப்போகிறார் என்று தலை குனிந்து நின்றேன்.

"எம் பொண்ணு வண்டி ஏறுனது அதுல கீதா, தம்பி?"

"இருக்கு பாய்."

"அத்த போடு."

போட்டேன். மகள் காரில் ஏறும்முன் திரும்பி, கூட்டத்தில் யாரையோ தேடினாள். கொஞ்ச நேரம் தேடிவிட்டு ஏறிக்கொண்டாள். பாய் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அன்னிக்கு நான் இத்த பாக்கல தம்பி. அழுதுடுவேன்னு பந்திக்குள்ள பூந்துட்டேன். இன்னொரு தபா போடு."